தவறில் தொடங்கும் கணக்கு

"இது கூட்டல் கணக்கா, கழித்தல் கணக்கா, தாத்தா?"

மாங்காட்டில் எங்கள் வீட்டு வாசலில் மாலை நேரத்தில் படிக்க வரும் பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். எண்களை மட்டும் எழுதிக் கொடுத்தால் பெருக்கலையும் வகுத்தலையும் பிழையின்றிச் செய்துவிடுகிறார்கள். அதே கணக்கை நான்கு வரிக் கதையாக எழுதிக் கொடுத்தால் கை நின்றுவிடுகிறது. வாக்கியத்தில் "மொத்தம்" என்ற சொல் வந்தால் கூட்ட வேண்டும், "மீதி" என்று வந்தால் கழிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கதையைப் படிப்பதில்லை. அந்தச் சொற்களைத்தான் தேடுகிறார்கள்.

சில வாரங்களுக்கு முன்பு, ஏழாம் வகுப்பு படிக்கும் பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு ஒரு கணக்கை நானே எழுதிக் கொடுத்தேன். காமாட்சி அம்மன் கோயில் வாசலில் பூ விற்கும் பெண்மணி ஒருவர், தாம் கட்டிய மல்லிகைச் சரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கோயில் வாசலிலும், நான்கில் ஒரு பங்கைப் பேருந்து நிறுத்தத்திலும் விற்றார். கூடையில் 25 முழம் மீதி இருந்தது. அவர் கட்டிய சரம் மொத்தம் எத்தனை முழம்?

சிறுமி "எக்ஸ் என்க" என்று எழுதினாள். அடுத்த வரி வரவில்லை. சிறிது நேரம் கழித்துப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எனக்குக் கணக்கு வராது, தாத்தா" என்றாள். பன்னிரண்டு வயதில் ஒரு குழந்தை தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளும் தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பை மேல்முறையீட்டுக்கு எடுத்துச் செல்ல யாரும் முன்வராவிட்டால், வாழ்நாள் முழுவதும் அது நிலைத்துவிடும்.

"எக்ஸை விடு. எத்தனை முழம் இருக்கும் என்று உன் மனத்தில் தோன்றும் ஓர் எண்ணைச் சொல்" என்றேன்.

"தப்பா இருந்தா?"

"தப்பாகத்தான் இருக்கும். பரவாயில்லை, சொல்."

மூன்றாலும் நான்காலும் வகுபடும் எண்ணாக இருந்தால் வசதி என்று மட்டும் குறிப்புக் கொடுத்தேன். அவள் 24 என்றாள். 24-இல் மூன்றில் ஒரு பங்கு 8. நான்கில் ஒரு பங்கு 6. விற்றது 14, மீதி 10. ஆனால், உண்மையில் மீதி இருந்தது 25 முழம். 10 எங்கே, 25 எங்கே? இரண்டரை மடங்கு. அப்படியானால் அவள் ஊகித்த 24-ஐயும் இரண்டரை மடங்காக்க வேண்டும். விடை 60. சரிபார்த்தாள்: கோயில் வாசலில் 20, பேருந்து நிறுத்தத்தில் 15, மீதி 25. சரியாக இருந்தது. பிறகு நான் கேட்காமலேயே 12-ஐ வைத்து மறுபடியும் செய்து பார்த்தாள். மீதி 5, வேண்டியது 25, ஐந்து மடங்கு, மீண்டும் 60. எந்தத் தவறான எண்ணில் தொடங்கினாலும் ஒரே சரியான இடத்துக்கு வந்து சேர்கிறோம் என்பதை அவள் முகம் புரிந்துகொண்டதை நான் பார்த்தேன்.

இந்த உத்தி என்னுடையது அன்று. ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தில் எழுதப்பட்ட ஒரு பாப்பிரஸ் சுருளில் இது இருக்கிறது. ஆமெஸ் என்னும் எழுத்தர், தமக்கும் முந்தைய ஒரு நூலைப் பார்த்துப் படியெடுத்த சுருள் அது. 1858-இல் அலெக்சாண்டர் ஹென்றி ரைண்ட் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் லக்சர் நகரில் அதை விலைக்கு வாங்கினார். அவர் பெயரால் ரைண்ட் பாப்பிரஸ் என்று அழைக்கப்படும் அந்தச் சுருளின் பெரும்பகுதி இன்று லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதிலுள்ள எண்பதுக்கும் மேற்பட்ட கணக்குகள் பெரும்பாலும் வாக்கியக் கணக்குகளே. ரொட்டியைப் பங்கிடுதல், களஞ்சியத்தில் தானியத்தை அளத்தல், நிலத்தின் பரப்பைக் காணுதல் என்று அரசாங்க எழுத்தர் ஒருவருக்கு அன்றாடம் தேவைப்பட்டவை.

அச்சுருளின் 24-ஆவது கணக்கு இது: ஓர் அளவு, அதனுடன் அதன் ஏழில் ஒரு பங்கைச் சேர்த்தால் 19, அந்த அளவு என்ன? இன்றைய மாணவர் இதற்குச் சமன்பாடு எழுதுவார். ஆமெஸிடம் சமன்பாடு இல்லை. அவர் அந்த அளவு 7 என்று வைத்துக்கொள்கிறார். ஏழில் ஒரு பங்கு எளிதாகக் கிடைக்கும் என்பதற்காகவே அந்தத் தேர்வு. 7-உடன் 1 சேர்ந்தால் 8. வேண்டியது 19. ஆகவே, 8-ஐ எத்தனை மடங்காக்கினால் 19 வரும் என்று பார்த்து, அதே மடங்கால் 7-ஐப் பெருக்குகிறார். இறுதியில் விடையையும் அதன் ஏழில் ஒரு பங்கையும் கூட்டி 19 வருவதைக் காட்டி முடிக்கிறார். கணித வரலாற்றில் இதற்குப் 'பொய் ஊக முறை' என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது.

அவர் 19-ஐ 8-ஆல் வகுக்கும் விதமும் கவனிக்கத்தக்கது. எகிப்தியருக்குப் பெருக்கல் வாய்பாடு தேவைப்படவில்லை. இரட்டித்தல், பாதியாக்குதல் ஆகிய இரண்டு செயல்களே போதுமாக இருந்தன. 8-இன் இரு மடங்கு 16. பாதி 4, கால் 2, அரைக்கால் 1. இவற்றில் 16, 2, 1 ஆகிய மூன்றையும் சேர்த்தால் 19. எனவே ஈவு, இரண்டும் காலும் அரைக்காலும். இதை ஏழு மடங்காக்க வேண்டும். ஒரு மடங்கு இரண்டும் காலும் அரைக்காலும். இரு மடங்கு நான்கே முக்கால். நான்கு மடங்கு ஒன்பதரை. ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மடங்குகள் சேர்ந்தால் ஏழு. மூன்றையும் கூட்டினால் பதினாறும் அரையும் அரைக்காலும்.

பதினாறு, அரை, அரைக்கால். இந்த இடத்தில்தான் நான் வியந்து நின்றேன். இன்றைய பாடப்புத்தகம் இந்த விடையை 133-இன் கீழ் 8 என்றோ, 16.625 என்றோ எழுதும். ஆமெஸ் எழுதியது பதினாறு, இரண்டில் ஒன்று, எட்டில் ஒன்று. நம் பாட்டனார் காலத்துக் கணக்கப்பிள்ளையிடம் இந்த அளவைச் சொல்லச் சொன்னால், அவரும் "பதினாறரையே அரைக்கால்" என்றுதான் சொல்லியிருப்பார்.

தமிழில் பின்னங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அரை, கால், அரைக்கால் தெரிந்தவையே. பதினாறில் ஒன்று மாகாணி; அதையே வீசம் என்றும் சொல்வர். இருபதில் ஒன்று ஒரு மா. பத்தில் ஒன்று இருமா. நாற்பதில் ஒன்று அரைமா. எண்பதில் ஒன்று காணி. நூற்று அறுபதில் ஒன்று அரைக்காணி. முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிச் சொல்லியே எந்தப் பின்னத்தையும் குறித்தனர். எகிப்தியரும் 'இத்தனையில் ஒன்று' என்னும் பின்னங்களையே அடுக்கினர். அவர்களுக்கு விதிவிலக்காக மூன்றில் இரண்டுக்கு ஒரு தனிக் குறியீடு இருந்தது. நமக்கு முக்கால், மூவீசம், மும்மா போன்றவை.

வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். எகிப்திய முறையில் எந்த எண்ணும் பின்னத்தின் கீழ் வரலாம். ஏழில் ஒன்று, பதின்மூன்றில் ஒன்று எல்லாம் உண்டு. தமிழ் வரிசையோ முந்நூற்று இருபதை அடித்தளமாகக் கொண்டது. ஆகவே மூன்றில் ஒன்றையோ ஏழில் ஒன்றையோ அதில் துல்லியமாகச் சொல்லிவிட முடியாது. மேலும் நுட்பம் தேவைப்பட்டபோது, முந்திரியையும் முந்நூற்று இருபது கூறாக்கிக் கீழ்முந்திரி என்றார்கள். இரண்டு மரபுகளுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இருந்தது என்று சொல்ல நான் முற்படவில்லை. தானியத்தை அளந்தும் உணவைப் பங்கிட்டும் வாழ்ந்த இரு சமூகங்கள் ஒரே தேவைக்கு ஒத்த விடைகளைக் கண்டிருக்கின்றன, அவ்வளவே.

அந்தத் தேவை என்ன என்பதை ஆமெஸின் ரொட்டிக் கணக்கு காட்டுகிறது. 6 ரொட்டிகளை 10 பேருக்குப் பங்கிட வேண்டும். ஆளுக்கு ஐந்தில் மூன்று பங்கு என்று நாம் சொல்லிவிடுவோம். கத்தியை எடுத்து வெட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ரொட்டியிலும் ஐந்தில் மூன்று பங்கை வெட்டினால் ஆறு பேருக்கு முழுத் துண்டு கிடைக்கும். மற்ற நால்வரும் எஞ்சிய சிறு துண்டுகளைச் சேர்த்துப் பெறுவார்கள். அளவு சமம், ஆனால், பார்க்கும் கண்ணுக்குச் சமமாகத் தெரியாது. ஆமெஸின் விடை, ஆளுக்கு அரையும் பத்தில் ஒன்றும். ஐந்து ரொட்டிகளைப் பாதியாக வெட்டினால் பத்துப் பேருக்கும் அரை. ஆறாவது ரொட்டியைப் பத்தாக வெட்டினால் ஆளுக்கு ஒரு சிறு துண்டு. எல்லார் கையிலும் ஒரே மாதிரி இரண்டு துண்டுகள். தமிழில் இதே பங்கு 'அரையும் இருமாவும்'. பின்னத்தின் பெயரிலேயே பங்கிடும் வழியும் அடங்கியிருக்கிறது.

நம் வீட்டுச் சமையலறையிலும் இந்தப் பாதியாக்கும் கணக்கு அண்மைக்காலம் வரை இருந்தது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. எட்டுப் படி ஒரு மரக்கால். ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தவரை, ஓர் அணா என்பது ரூபாயில் ஒரு வீசம். 1956-இல் எடை, அளவைகளைத் தரப்படுத்தும் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் முதல் நாளில் நூறு காசு கொண்ட ரூபாய் நடைமுறைக்கு வந்தது. நாடு முழுவதற்கும் ஒரே அளவை என்பது தேவையான சீர்திருத்தம், அதில் ஐயமில்லை. ஆனால், அந்த மாற்றத்தோடு அரைக்காலும் வீசமும் நாவிலிருந்து விலகின. பின்னம் என்பது கையால் பிரிக்கக்கூடிய பொருள் என்ற உணர்வும் அவற்றோடு போனது. இன்றைய குழந்தைக்குப் பின்னம் என்பது ஒரு கோட்டின் மேலும் கீழும் நிற்கும் இரண்டு எண்கள் மட்டுமே.

வாக்கியக் கணக்கும் நமக்கு அயலானதன்று. காரி நாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்', நிலம், பொன், நெல் ஆகியவற்றின் கணக்குகளைச் செய்யுளிலேயே சொல்லும் நூல். பலாப்பழத்தை வெட்டாமலே அதிலுள்ள சுளைகளின் எண்ணிக்கையைக் கூறும் வழியும் அதில் உண்டு. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும் என்பது அந்த விதி. எல்லாப் பலாப்பழங்களும் இந்த விதிக்குக் கட்டுப்படும் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஆனால், கைக்கு எட்டிய ஒன்றை எண்ணி, கண்ணுக்குத் தெரியாத ஒன்றை ஊகித்து, பிறகு வெட்டிச் சோதிக்கலாம் என்ற துணிவு அதில் இருக்கிறது.

இஷ்ட எண்ணில் தொடங்கும் முறையும் இந்தியாவுக்குத் தெரிந்ததே. 1150-இல் பாஸ்கராச்சாரியார் எழுதிய 'லீலாவதி' அதை 'இஷ்ட கர்மம்' என்கிறது. விரும்பிய எண்ணைக் கொண்டு செய்வது என்று பொருள். அதில் வரும் ஓர் எடுத்துக்காட்டும் பூக்கணக்குதான். ஒரு தாமரைக் குவியலில் மூன்றில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு எனத் தெய்வங்களுக்குச் சாத்திய பின் ஆறு பூக்கள் எஞ்சி, குருவுக்குச் சேர்கின்றன. 60 என்று ஊகியுங்கள். 20, 12, 10, 15 போக மீதி 3. வேண்டியது 6. ஆகவே விடை 120. மாங்காட்டுச் சிறுமிக்கு நான் கொடுத்த மல்லிகைக் கணக்கு, அந்தத் தாமரைக் கணக்கின் பேத்தி என்று கொள்ளலாம்.

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. அதை மறைத்தால் நான் ஆசிரியனாக இருக்கத் தகுதியற்றவன். எல்லாமே பங்குகளாக இருக்கும் வரைதான் ஓர் ஊகம் போதும். சரம் இரு மடங்கானால் மீதியும் இரு மடங்காகும் என்பதே அதன் அடிப்படை. பூக்காரப் பெண்மணி இரண்டு இடங்களிலும் விற்றது போக, 5 முழத்தை அம்மனுக்குச் சாத்தக் கொடுத்துவிட்டார், கடைசியில் 20 முழம் எஞ்சியது என்று கணக்கை மாற்றினேன். சிறுமி 12 என்று ஊகித்தாள். விற்றது 7, அம்மனுக்கு 5, மீதி சுழியம். சுழியத்தை எத்தனை மடங்காக்கினாலும் 20 வராது. அவள் திகைத்தாள்.

"இன்னொரு எண்ணைப் போட்டுப் பார்" என்றேன். 24 என்றாள். விற்றது 14, அம்மனுக்கு 5, மீதி 5. அவளே கவனித்துச் சொன்னாள்: "பன்னிரண்டு முழம் கூடினா, மீதி அஞ்சு முழம் கூடுது." 20 முழம் எஞ்ச வேண்டுமானால் நான்கு ஐந்துகள், ஆகவே, முதல் ஊகமான 12-உடன் நான்கு பன்னிரண்டுகளைக் கூட்ட வேண்டும். 12-உடன் 48 சேர்ந்தால் 60. இரண்டு தவறுகளைக் கொண்டு சரியான விடையைப் பிடிக்கும் இந்த வழி, பழஞ்சீனத்தின் 'ஒன்பது அத்தியாயங்கள்' என்னும் கணித நூலிலும் இருக்கிறது. பின்னாளில் அரபுக் கணித அறிஞர்களும் இதைக் கையாண்டனர்.

அதன்பிறகுதான் நான் எக்ஸைத் திரும்ப அழைத்தேன். "நீ 12 வைத்தாய், 24 வைத்தாய். எண்ணே வைக்காமல், எந்த எண்ணுக்கும் பொருந்தும்படி இதையே எழுத முடியுமா?" என்று கேட்டேன். இம்முறை அவள் எழுதிய "எக்ஸ் என்க" என்ற வரிக்குக் கீழே அடுத்த வரி வந்தது. ஆறாம் வகுப்பிலேயே இயற்கணிதம் பாடத்தில் வந்துவிடுகிறது. ஆனால், எழுத்து எந்த எண்களுக்கு மாற்றாக நிற்கிறது என்பதை விரல்கள் உணர்வதற்கு முன்பே அது வந்துவிடுவதால், பலருக்கு அது மந்திரமாகவே நின்றுவிடுகிறது. ஊக முறை இயற்கணிதத்துக்குப் போட்டியன்று. அதற்குக் கொண்டு செல்லும் படிக்கட்டு.

பழையன எல்லாம் பொற்காலம் என்று நான் வாதிடவில்லை. எண்சுவடியை மனனம் செய்வித்த திண்ணைப் பள்ளிகள், பின்னங்களின் பெருக்கல் வாய்பாட்டையே ஒப்பிக்கும் அளவுக்குப் பிள்ளைகளைத் தேர்ச்சி பெறச் செய்தன என்பது உண்மை. அதே திண்ணையில் பிரம்பும் இருந்தது. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. பெண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இல்லை. என் வீட்டு வாசலில் அமர்ந்து கணக்குப் போடும் இந்தச் சிறுமி அந்தத் திண்ணையில் அமர்ந்திருக்க முடியாது. அன்று சிலருக்கு மட்டும் கிடைத்த அறிவை இன்று எல்லாருக்கும் கிடைக்கச் செய்யும் வாய்ப்பு பொதுப்பள்ளியிடம்தான் இருக்கிறது. ஆகவே, இக்கோரிக்கையைப் பொதுப்பள்ளியிடமே வைக்கிறேன்.

பெரிய மாற்றங்கள் தேவையில்லை. எந்த வாக்கியக் கணக்கிலும் முதல் கேள்வி "கூட்டலா, கழித்தலா?" என்பதாக இல்லாமல், "உத்தேசமாக எவ்வளவு இருக்கும்?" என்பதாக இருக்கட்டும். மாணவர் சொல்லும் எண்ணைக் கரும்பலகையில் எழுதி, அது தவறு என்று அழிக்காமல், எவ்வளவு தவறு என்று கதைக்குள் வைத்துச் சோதிக்கட்டும். ஊகித்து, சோதித்து, திருத்தி விடை கண்ட மாணவருக்கு, வழிமுறை எழுதவில்லை என்று மதிப்பெண் குறைக்க வேண்டாம். அவர் எழுதியதும் மூவாயிரம் ஆண்டுப் பழமையுள்ள வழிமுறைதான். பின்னப் பாடம் நடத்தும் நாளில் ஓர் ஆழாக்கையும் ஒரு படியையும் வகுப்புக்குக் கொண்டுவரட்டும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: "எங்கள் பிள்ளைக்குக் கணக்கு வராது" என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள்.

கணக்கை அஞ்சும் பிள்ளைகளில் பெரும்பாலோர் உண்மையில் அஞ்சுவது தவறை. தவறான விடை என்பது அவர்களுக்கு ஒரு சிவப்புக் கோடு. அதோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. ஆமெஸுக்கோ அது தொடக்கம். 7 என்று அவர் எழுதியபோதே அது விடையன்று என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தே எழுதினார். அந்தத் தவறு எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்பதை அளந்து, அந்த அளவையே வழிகாட்டியாகக் கொண்டு விடையை அடைந்தார்.

நேற்று மாலை அந்தச் சிறுமி புதிய கணக்கு ஒன்றுடன் வந்தாள். கூட்டலா கழித்தலா என்று கேட்கவில்லை. "முதல்ல ஒரு தப்பு விடை போட்டுக்கிறேன், தாத்தா" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தாள்.